நெஞ்செரிச்சல் மாத்திரையும் பெருங்குடல் புற்றும்

தி.நகர் உஸ்மான் சாலையிலோ மயிலாப்பூர் லஸ் முனையிலோ ஏதாவது ஒரு மருந்துக் கடை வாசலில் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும். "ஜெலுசில் ஒரு பாட்டில்", "பான்-டி ஒரு அட்டை", "ரான்டாக் நாலு குடுங்க" என்று குரல்கள் வந்துகொண்டே இருக்கும். பலர் கையில் சீட்டு இருக்காது. கடைக்காரரும் பெரும்பாலும் கேட்பதில்லை. பான்-டி அட்டையைத் திருப்பிப் பார்த்தால், மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கை பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைப் படிக்கிறவர் அபூர்வம். கல்யாணச் சாப்பாடு, மார்கழி சபா கேன்டீன், ராத்திரி பதினொரு மணி பிரியாணி என எல்லாவற்றுக்கும் ஒரே பரிகாரம் 'கேஸ் மாத்திரை'தான்.

இந்த மருந்துகளின் உறவுக்கார மருந்து ஒன்று பெருங்குடல் புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்டக்கூடும் என்று சொன்னால், வாட்ஸ்அப்பில் வந்த வதந்தி என்றுதான் தோன்றும். ஆனால் இது 'லான்செட்' இதழிலும் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' இதழிலும் வெளியான சங்கதி. கொஞ்சம் வில்லங்கமான சங்கதியும்கூட. ஆய்வுகளில் பலன் காட்டிய மருந்து மேலே சொன்ன மூன்றில் எதுவும் இல்லை.

நாம் ஒரே பெயரில் அழைக்கும் இந்த மாத்திரைகள் உண்மையில் மூன்று தனித்தனிக் குடும்பங்கள். ஜெலுசில், டைஜீன் போன்றவை ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை முறிக்கும் காரங்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும்தான் அவற்றின் சரக்கு. ரானிடிடின் (கடையில் ரான்டாக்), ஃபாமோடிடின் ஆகியவை இரண்டாவது குடும்பம். அமிலம் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் இரைப்பைச் செல்லில் எச்2 என்னும் ஏற்பியில் போய் ஒட்டாதபடி இவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது குடும்பம் பான்டோபிரசோல் (பான்-டியில் இருப்பது), ஓமிபிரசோல் வகையறா. அமிலத்தை வெளியே தள்ளும் பம்பையே இவை நிறுத்திவிடும். இன்று அதிகம் விற்பது இதுதான்.

புற்றுநோய்க் கதையின் நாயகன் இரண்டாவது குடும்பத்தின் மூத்த பிள்ளை. பெயர் சிமெட்டிடின்.

ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் 1964-ல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் இருந்த ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஹிஸ்டமினைத் தடுத்தால் அமிலம் குறையும் என்பது அவருடைய கணக்கு. முதலில் கிடைத்த புரிமமைடு வாய்வழி கொடுத்தால் சரியாக வேலை செய்யவில்லை. அடுத்து வந்த மெட்டியமைடு சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைத்துவிட்டது. மூன்றாவதாக வந்த சிமெட்டிடின் 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. குடற்புண் என்றாலே கத்தி என்றிருந்த காலம் அதோடு முடியத் தொடங்கியது. முன்சிறுகுடல் புண் மலிந்திருந்த தென்னிந்தியாவுக்கு இது சாதாரண மாற்றம் அல்ல. அதுவரை சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் வயிற்று அறுவைப் பட்டியலில் குடற்புண்காரர்களுக்கு எப்போதும் இடம் இருந்தது. பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தைக் குறைக்க வந்த மருந்து புற்றுநோய்ப் பக்கம் எப்படிப் போனது? ஹிஸ்டமின் வயிற்றில் மட்டும் வேலை செய்வதில்லை. நோய் எதிர்ப்புச் செல்களிலும் எச்2 ஏற்பிகள் உண்டு. அவற்றில் ஹிஸ்டமின் ஒட்டினால் எதிர்ப்பு மந்தமாகும். அறுவை சிகிச்சை நடக்கும் நாட்களில் உடலின் எதிர்ப்பு ஏற்கெனவே சரிந்திருக்கும். அந்தச் சில நாட்கள் மட்டும் ஹிஸ்டமினைத் தடுத்தால் என்ன என்று சிட்னியில் டபிள்யூ. ஆடம்ஸ், டேவிட் மோரிஸ் ஆகிய அறுவை மருத்துவர்கள் யோசித்தார்கள். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் 34 பேரிடம் சோதித்தார்கள். அறுவையை ஒட்டிய சில நாட்களே மருந்து. 3 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது சிமெட்டிடின் பெற்றவர்களில் 93 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பெறாதவர்களில் 59 சதவீதம். 1994-ல் 'லான்செட்' இதை வெளியிட்டது.

ஜப்பானில் மாட்சுமோட்டோ குழுவினரின் ஆய்வு இன்னும் பேர்போனது. அறுவையில் கட்டி முழுதாக அகற்றப்பட்ட 64 பேர். ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் சிமெட்டிடினும் 200 மில்லிகிராம் 5-எஃப்யூ என்ற புற்றுநோய் மருந்தும். மறு பிரிவுக்கு 5-எஃப்யூ மட்டும். அறுவை முடிந்து 2 வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு. 10 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 84.6 சதவீதம், இரண்டாவதில் 49.8 சதவீதம். 2002-ல் வெளியான இந்தக் கட்டுரையின் உண்மையான சுவாரசியம் அதற்குள் இருந்த இன்னொரு கணக்கு. கட்டியின் செல்களில் சியாலில் லூயிஸ் என்ற சர்க்கரை மூலக்கூறுகள் அதிகம் இருந்தவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால், வித்தியாசம் 95.1-க்கு 35.1 என்று விரிந்தது. அவை குறைவாக இருந்தவர்களிடம் மருந்துக்குப் பெரிதாக வேலை இல்லை.

இந்தச் சர்க்கரை மூலக்கூறில் ஒன்றைப் பல நோயாளிக் குடும்பங்கள் வேறு பெயரில் அறிந்திருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் 'சிஏ 19-9' என்பது சியாலில் லூயிஸ்-ஏதான்.

அதன் வேலை என்ன? பங்குனி அறுபத்துமூவர் விழாவன்று மயிலாப்பூர் மாடவீதிக் கூட்டத்தில் சிக்கியவர் நினைத்த இடத்தில் ஒதுங்க முடியாது. கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு திண்ணைத் தூணோ கம்பியோ அகப்பட்டால் பிடித்துக்கொண்டு ஓரமாக ஏறிவிடலாம். கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் அடித்துச் செல்லப்படும் புற்றுச் செல்லுக்கும் அப்படி ஒரு பிடி வேண்டும். ரத்தக் குழாயின் உட்சுவரில் ஈ-செலக்டின் என்ற புரதம் இருக்கிறது, அதுதான் கம்பி. சியாலில் லூயிஸ்தான் பிடிக்கும் கை. பிடித்த செல் சுவரைத் தாண்டிக் கல்லீரலிலோ நுரையீரலிலோ குடியேறுகிறது. சிமெட்டிடின் ரத்தக் குழாயில் ஈ-செலக்டின் தோன்றுவதைக் குறைக்கிறது என்று 2000-ல் ஜப்பானிய ஆய்வகம் ஒன்று காட்டியது. அதே சோதனையில் ரானிடிடினும் ஃபாமோடிடினும் அந்த வேலையைச் செய்யவில்லை. அதாவது, இந்தக் குணம் அமிலத்தைக் குறைப்பதால் வருவதே இல்லை. சிமெட்டிடினின் தனிக் குணம் அது. 'எல்லா கேஸ் மாத்திரையும் ஒன்றுதானே' என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

எண்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். 34 பேர், 64 பேர் என்பதெல்லாம் மிகச் சிறிய கூட்டம். இத்தனை சிறிய ஆய்வில் நாலைந்து பேரின் விதி மாறினாலே சதவீதம் பெரிதாக மாறிவிடும். சிட்னி குழுவே பிறகு 125 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 1999-ல் வந்தது. அதில் சிமெட்டிடின் பக்கம் லேசான சாய்வு தெரிந்தது. உறுதி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. டென்மார்க்கில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ரானிடிடின் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. 2012-ல் காக்ரேன் அமைப்பு எல்லாவற்றையும் அள்ளிச் சேர்த்து எடை போட்டது. 6 ஆய்வுகள், 1,229 நோயாளிகள். அவற்றில் சிமெட்டிடின் பற்றியவை 5, அதில் 421 பேர். சிமெட்டிடின் பெற்றவர்களிடம் இறப்பு அபாயம் கிட்டத்தட்ட பாதியாகத் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகள் எல்லாம் பழைய சிகிச்சைக் காலத்தவை. இன்றைய புது மருந்துகளோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வு வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது காக்ரேன்.

அந்தப் பெரிய ஆய்வு வரவில்லை. காரணத்தை ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. சிமெட்டிடினின் காப்புரிமை 1990-களிலேயே முடிந்துவிட்டது. மாத்திரை மலிவு; யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் செலவை ஏற்று, முடிவில் லாபமில்லாத மருந்துக்கு எந்தக் கம்பெனி பணம் கொட்டும்? பெல்ஜியத்தில் இருந்து இயங்கும் 'ரீடோ' என்ற திட்டம் பழைய மருந்துகளைப் புற்றுநோய்க்கு மறுபயன்படுத்தும் வாய்ப்புகளைத் தொகுக்கிறது. 2014-ல் சிமெட்டிடினுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அதற்கு மேல் நகரவில்லை. இன்று சென்னைக் கடைகளில் சிமெட்டிடின் கேட்டால் கிடைப்பதே அரிது. தம்பி ரானிடிடினுக்கு வேறு சோதனை: என்டிஎம்ஏ என்ற புற்றூக்கி மாசு கலந்திருப்பது தெரிந்து 2020-ல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. இந்தியா 2022-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கடைகளில் விற்பனை நிற்கவில்லை.

சிமெட்டிடின் கிடைத்தாலும் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்து அல்ல. கல்லீரலில் பல மருந்துகளை உடைக்கும் நொதிகளை அது மந்தப்படுத்தும். வார்ஃபரின் சாப்பிடும் இதய நோயாளிக்கு ரத்தப்போக்கு ஏற்படலாம். வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவருக்கு மருந்து விஷ அளவுக்கு ஏறலாம். 5-எஃப்யூவின் அளவையும் ரத்தத்தில் கூட்டும். ஜப்பானிய ஆய்வில் பலன் எங்கிருந்து வந்தது, ஈ-செலக்டினைத் தடுத்ததிலா, கூடுதலாகச் சேர்ந்த 5-எஃப்யூவிலா என்ற கேள்விகூட அதனால் எழுகிறது.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான சிக்கல் பான்டோபிரசோல் குடும்பத்தில் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பிறகு பலருக்கும் தரப்படுவது கேப்சிடபின் மாத்திரை. காலையும் மாலையும் சாப்பிட்ட அரை மணிக்குள், 14 நாள். பிறகு 7 நாள் ஓய்வு. மருத்துவமனையில் படுக்கத் தேவையில்லை, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். வீட்டில் இருப்பதால்தான் பக்கத்திலேயே பான்-டி அட்டையும் இருக்கும். 'கீமோ சூடு, வயிறு எரியும்' என்று வீட்டுப் பெரியவர்கள் காலை வெறும் வயிற்றில் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகளிடம் கேப்சிடபினைச் சேர்த்துச் செய்த ஓர் ஆய்வின் விவரங்களை மறுபடி அலசி 2017-ல் வெளியிட்டார்கள். பம்பை நிறுத்தும் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் மேலும் முற்றாமல் இருந்த காலம் 4.2 மாதம், எடுக்காதவர்களுக்கு 5.7 மாதம். பெருங்குடல் நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆனாலும் காரணமில்லாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கைக்கு இது போதும். செட்டுக்சிமாப் ஊசி போடுபவர்களுக்கு வேறொரு கவலை: அந்த ஊசி உடலின் மெக்னீசியத்தைக் குறைக்கும், நீண்டகாலம் எடுக்கும் பான்டோபிரசோல் வகையும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் தசைப்பிடிப்பு, இதயத்துடிப்புக் கோளாறு வரை போகலாம்.

இதே மாத்திரைகள் ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்லைச் சுற்றிய அமிலத்தைக் குறைத்து மருந்து உள்ளே போக உதவுகின்றன என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. தட்டில் நடப்பது உடம்பில் நடக்கும் என்று எழுதித் தர யாரும் தயாரில்லை.

சோடா உப்பும் எலுமிச்சையும் குடித்தால் புற்று கரையும் என்ற ஃபார்வர்டு மட்டும் சலிப்பதே இல்லை. எலிகளுக்குச் சோடா உப்பு கொடுத்தபோது நோய் பரவுவது குறைந்தது என்று 2009-ல் ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். மனிதரின் ரத்தமோ 7.35-லிருந்து 7.45-க்குள் தன் கார அமில அளவை விடாப்பிடியாக வைத்துக்கொள்ளும். நாம் குடிக்கும் ஒரு ஸ்பூன் சோடா உப்பை நுரையீரலும் சிறுநீரகமும் சமன் செய்துவிடும். ரத்த அழுத்தக்காரருக்கு அந்த உப்பால் கெடுதல்தான் மிச்சம்.

மலிவான, பழைய மருந்தைப் புற்றுநோய்க்குத் துணையாகச் சேர்ப்பது முட்டாள்தனம் அல்ல. அதை ஒழுங்காகச் சோதிக்காமல் விடுவதுதான் தவறு. சோதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை நல்ல சாட்சி. பல் மருத்துவர் மரத்துப்போகப் போடும் அதே வகை லிடோகைன். மார்பகக் கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு கட்டியைச் சுற்றி அதைச் செலுத்தினார்கள். ராஜேந்திர பட்வே தலைமையில் இந்தியாவின் பல மையங்களில் 1,600 பெண்களிடம் நடந்த ஆய்வு. 2023-ல் முடிவு வந்தது: 5 ஆண்டு உயிர்பிழைப்பு 86.4 சதவீதத்திலிருந்து 90.1-ஆக உயர்ந்தது. எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் நம்மவர்களே செய்தது.

பெருங்குடலுக்கே ஆஸ்பிரின் உதாரணம் இருக்கிறது. பல ஆண்டு சர்ச்சைக்குப் பிறகு 2025-ல் வெளியான ஸ்வீடன் தலைமையிலான ஆய்வு ஒன்று, கட்டியில் பிஐகே3சிஏ என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு நாள்தோறும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் 3 ஆண்டுகள் கொடுத்தது. நோய் திரும்புவது 14.1 சதவீதத்திலிருந்து 7.7 சதவீதமாகக் குறைந்தது. மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் கொடுக்காமல், யாருக்குப் பலிக்கும் என்று கட்டியிடமே கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள். சிமெட்டிடினிலும் 2002-ல் கிடைத்தது அதே மாதிரியான குறிப்புத்தான். சியாலில் லூயிஸ் அதிகமுள்ளவர்களை மட்டும் எடுத்து அறுவை நாட்களில் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு இந்தியாவில் சாத்தியமே. தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இருக்கின்றன. அடையாறு புற்றுநோய் நிறுவனம் கதிர்வீச்சோடு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகளை 1960-களிலேயே செய்த இடம். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்துவதும் அந்த நிறுவனம்தான்.

அந்த நிறுவனம் பிறந்த கதையே இந்த நோயோடு தொடர்புடையது. அதை நிறுவிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920-களின் தொடக்கத்தில் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முன் நெடுநாள் சீதபேதி என்றே வைத்தியம் பார்த்திருந்தார்கள். அந்தச் சாவு முத்துலட்சுமியை விடவில்லை. 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது.

சீதபேதி என்று அன்று நினைத்ததை இன்று 'கேஸ்' என்கிறோம், 'மூலம்' என்கிறோம். கேஸ் மாத்திரையால் வரும் மிகப் பெரிய தீங்கு மருந்துக் கலப்பு அல்ல; நாள் கடத்துவதுதான். வலது பக்கப் பெருங்குடலில் வரும் கட்டி பெரும்பாலும் சத்தம் போடாது. லேசான வயிற்று உப்பல், அசதி, காரணமில்லாமல் குறையும் ஹீமோகுளோபின் என்றுதான் காட்டும். பான்-டி போட்டால் உப்பல் அடங்கியதுபோல் இருக்கும். இரும்புச் சத்து டானிக் குடித்தால் ரத்தம் சற்று ஏறும். ஆறு மாதம் ஓடிவிடும். இடது பக்கக் கட்டியில் மலத்தோடு ரத்தம் வரும். மூலம் என்று சொல்லி மூல நோய் விளம்பரச் சுவரொட்டியில் உள்ள எண்ணுக்குப் போன் செய்வோம். வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு அரசின் பரிசோதனைத் திட்டம் உண்டு. பெருங்குடலுக்கு அப்படித் தேசியத் திட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

சிகிச்சை முடித்தவர்கள் கடையில் வாங்காமல் சேர்த்துக்கொள்ளக்கூடிய துணை மருந்து ஒன்று இப்போது நிரூபணமாகியிருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2025-ல் வெளியானது. பயிற்றுநர் வழிகாட்டலில் 3 ஆண்டுகள் உடற்பயிற்சி செய்தவர்களில் 8 ஆண்டு உயிர்பிழைப்பு 90.3 சதவீதம், அறிவுரைத் தாள் மட்டும் பெற்றவர்களில் 83.2. பலருக்கு அந்தப் பயிற்சி வேகநடைதான். நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ நடேசன் பூங்காவிலோ மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்கலாம்.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக மலப்பழக்கம் மாறினால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், ஹீமோகுளோபின் காரணமின்றி இறங்கினால், அடுத்த கேஸ் மாத்திரை அட்டையை வாங்குவதற்கு முன் குடல் மருத்துவரைப் பார்த்து கொலனோஸ்கோபி தேவையா என்று கேளுங்கள். வயது குறைவு என்பதால் இந்த அறிகுறிகளைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஏற்கெனவே கீமோவில் இருப்பவர்கள் அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், ஜெலுசில் பாட்டில் உட்பட, பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரின் மேசையில் வையுங்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லட்டும்.